பி.எஸ்சி. விலங்கியல் படித்தால் மூன்று வருடத்தில் கையில் என்ன மிஞ்சும்?

கேள்வி இது: “நீட்டில் மார்க் போதவில்லை. அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் கிடைத்திருக்கிறது. பிளஸ் டூ வரை தமிழ்வழி. இப்போதெல்லாம் எதையும் அறுக்க விடுவதில்லை என்கிறார்கள், அப்படியென்றால் பிராக்டிகல் என்பது படம் வரைவது மட்டும்தானா? இதை முடித்தால் வேலை உண்டா? சேர்ந்ததும் என்னென்ன வாங்க வேண்டும்?” நான்காக வந்திருந்தாலும் இதற்குள் ஒரே கவலைதான் இருக்கிறது: ஆசைப்பட்டது கிடைக்காமல் வந்து சேர்ந்த இடத்தில் மூன்று வருடத்தைக் கொடுத்தால் அது வீணாகுமா? வீணாகாது. ஆனால் பட்டச் சான்றிதழ் தனியாக நின்று சோறு போடும் படிப்பும் இது அல்ல. விலங்கியலில் மிஞ்சுவது பழகிய கண்ணும் பழகிய கையும். அவை வகுப்பில் உட்கார்ந்திருப்பதால் வருவதில்லை, தேடிப் பழக வேண்டும். அதை எப்படிப் பழகுவது என்பதைத்தான் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நீட் விஷயத்தை முடித்துவிடலாம். கல்லூரியில் சேர்ந்துகொண்டே மறுபடி நீட் எழுதுவது சட்டப்படி தவறில்லை. ஆனால் பொதுவாக 75 சதவீத வருகை இல்லாவிட்டால் செமஸ்டர் தேர்வு எழுத விடமாட்டார்கள். பிராக்டிகல் வகுப்பைத் தவறவிட்டால் ரெக்கார்டில் கையெழுத்து விழாது. ஒரு வருடம் என்று எல்லை வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். இரண்டாம் ஆண்டும் அரை மனதோடு இரண்டு படகில் கால் வைத்தால் அரியரும் சேரும், நீட்டும் போகும். முதல் ஆண்டில் வரும் விலங்கு வகைப்பாடும் உடலமைப்பும் நீட் பாடத்தோடு பெரிதும் ஒட்டியவை என்பதால் அந்த ஓராண்டு எப்படியும் வீணாகாது.

பாடத்திட்டம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் கொஞ்சம் மாறும், முதுகெலும்பு மட்டும் ஒன்றுதான். முதல் ஆண்டில் முதுகெலும்பற்றவை, முதுகெலும்பிகள். பிறகு செல் உயிரியல், மரபியல், கருவளர்ச்சி, உடலியல், சூழலியல், பரிணாமம், நோய்த்தடுப்பியல், உயிரிவேதியியல், உயிரித் தொழில்நுட்பம். அலைடு பாடமாக, அதாவது துணைப் பாடமாக, பெரும்பாலும் தாவரவியலும் வேதியியலும் வரும். மீன் வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, பட்டுப்புழு, மண்புழு உரம் ஆகியவற்றில் ஒன்றிரண்டு விருப்பப் பாடமாக இருக்கும். பலர் அலட்சியமாக விடுவது வேதியியலையும் உயிர்ப்புள்ளியியலையும்தான். பின்னால் முதுநிலை நுழைவுத் தேர்வுகளில் காலை வாருவதும் அவையேதான். முதுநிலைக்கு மேல் படிக்க உதவும் கேட் (GATE) தேர்வின் உயிர் அறிவியல் தாளில் வேதியியல் கட்டாயப் பகுதி. அதன்பின் விலங்கியல் உட்பட மற்றப் பிரிவுகளில் இரண்டைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வேதியியலை முதல் ஆண்டிலேயே கைவிட்டவருக்கு அந்தக் கதவு பாதி மூடிவிடுகிறது.

தமிழ்வழியில் படித்தது குறை என்று நினைக்க வேண்டாம். விலங்கியலின் பெயர்கள் ஆங்கிலம் அல்ல, கிரேக்கமும் லத்தீனும். ஆங்கிலவழியில் படித்தவரும் அவற்றைப் பொருள் தெரியாமல்தான் மனப்பாடம் செய்கிறார். நமக்கோ பொருள் முன்பே தெரியும். ஆர்த்ரோ என்றால் கணு, போடா என்றால் கால்: கணுக்காலிகள். எக்கினோ முள், டெர்மா தோல்: முட்தோலிகள். பிளாட்டி தட்டை, ஹெல்மின்த் புழு: தட்டைப்புழுக்கள். மொல்லஸ் மென்மை: மெல்லுடலிகள். பள்ளிப் புத்தகத்தில் படித்த தமிழ்ப் பெயர்கள் பலவும் மூலச் சொல்லின் நேர்ப் பொருளே. ஒரு நோட்டை எடுத்து இடப்பக்கம் கிரேக்க வேர், நடுவில் அதன் பொருள், வலப்பக்கம் அந்த வேர் வரும் மூன்று சொற்கள் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். 200 வேர் சேர்ந்தால் புதிய பெயர் எதைப் பார்த்தாலும் பயம் போய்விடும். ஆங்கிலத்தில் விடை எழுதும் பயிற்சி தனி. அதற்குத் தினம் ஒரு பத்தி எழுதிப் பழகுவதைத் தவிர குறுக்குவழி கிடையாது. அரசுக் கல்லூரிகள் பலவற்றில் தமிழிலேயே தேர்வு எழுதலாம். ஆனால் முதுநிலைக்கு வெளியூர் போகும் எண்ணம் இருந்தால் இரண்டாம் ஆண்டிலாவது ஆங்கிலத்துக்கு மாறிவிடுவது நல்லது.

அறுவை பற்றிக் கேள்விப்பட்டது சரிதான். பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் விலங்கு அறுவையைப் படிப்படியாகக் குறைக்க வழிகாட்டுதல் தந்தது, 2014இல் இளநிலை, முதுநிலை விலங்கியல் இரண்டிலும் அதை நிறுத்தச் சொன்னது. தவளையைப் பிடித்துவந்து குளோரோஃபார்ம் கொடுத்து மெழுகுத் தட்டில் குத்திய காலம் முடிந்துவிட்டது. அதில் வருந்த எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கான மாணவர்கள் அதே தவளையின் அதே நரம்பைத் தேடியதில் பெரும்பாலோர் கற்றது, நரம்பை அறுத்துவிட்டால் ஆய்வகத்தில் எப்படிச் சமாளிப்பது என்பதைத்தான். இப்போது கணினிப் படம், மாதிரி உருவங்கள், முன்பே பதப்படுத்திய ஸ்பெசிமன்கள், நிரந்தர ஸ்லைடுகள் வந்திருக்கின்றன. சந்தையில் வாங்கிய இறால், மீன் ஆகியவற்றின் உறுப்புகளை எடுத்து ஸ்லைடில் பொருத்துவதைச் சில துறைகள் அனுமதிக்கின்றன, சில அதையும் விட்டுவிட்டன. இது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். உங்கள் துறையில் என்ன வழக்கம் என்பதை முதல் வாரமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் உடலமைப்பைக் கற்க நமக்கு ஆய்வகத்தைவிட நல்ல இடம் ஒன்று இருக்கிறது: மீன் ஆயும் அரிவாள்மணைக்கு முன்னால். வீட்டில் எப்படியும் குழம்புக்கு வரும் மீன்தான். மத்தி வந்தால் செவுள் மூடியைத் தூக்கிச் செவுள் வளைவின் உள்பக்கத்தைப் பாருங்கள், சீப்புப் பல்போல நெருக்கமான நுண்முட்கள் இருக்கும். நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும் மீன் அது. அடுத்த வாரம் சீலா வந்தால் அதே இடத்தைப் பாருங்கள். முட்கள் இல்லாததுபோலவே இருக்கும், அதற்குப் பதில் வாய் நிறையக் கோரைப்பல். துரத்திக் கடிக்கும் மீனுக்கு வடிகட்டி எதற்கு? ஜிலேபிக் கெண்டையின் குடலைப் பிரித்து நீட்டினால் உடலைப்போலப் பல மடங்கு நீளும், தாவர உணவுக்கு அவ்வளவு நீளம் வேண்டும். வஞ்சிரத்தின் குடல் சின்னது, இரைப்பைக்கு அடுத்து விரல்விரலாகக் கொத்தாய்ப் பைலோரிக் சீக்கா என்னும் சிறு பைகள் இருக்கும். மடவையின் இரைப்பை கோழியின் அரைவைப்பைபோல, அதாவது நாம் கல்லீரலோடு சேர்த்து வாங்கும் அந்தக் கெட்டித் தசைப்பைபோல, இறுகியிருக்கும். சேற்றை மணலோடு விழுங்கி அரைக்கும் மீன் அது. கட்லாவின் காற்றுப்பை இரண்டு அறை. சுறாவுக்குக் காற்றுப்பையே கிடையாது, அதன் எண்ணெய் நிறைந்த பெரிய கல்லீரல் அந்த வேலையில் ஒரு பங்கைச் செய்கிறது. ‘உணவும் குடலமைப்பும்’ என்று பாடத்தில் நான்கு வரியில் போவதை ஒரு மாதக் குழம்பு மீன் கற்றுக்கொடுத்துவிடும்.

இறாலும் அப்படித்தான். எந்த இறாலை எடுத்தாலும் 19 ஜோடி உறுப்பு: தலையில் 5, மார்பில் 8, வயிற்றில் 6. ஒவ்வொன்றாக வேரோடு கழற்றி வரிசையாகக் காகிதத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாமே ஒரே கிளைத்த அமைப்பின் மாறுவேடங்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். தேர்வில் கேட்கும் ‘தொடர் ஒப்புமை’ என்பது இதுதான். கடல் இறாலையும் ஆற்று இறாலையும் பிரிக்கத் தெரிந்தால் இன்னும் நல்லது. கடலிலிருந்தும் உப்புநீர்ப் பண்ணையிலிருந்தும் வரும் வெள்ளை இறால், புலி இறால் வகைகளுக்கு முதல் மூன்று ஜோடி நடைக்காலில் இடுக்கி இருக்கும், ஆற்று இறாலுக்கு முதல் இரண்டில் மட்டும். ஆற்று இறாலின் இரண்டாம் வயிற்றுக் கண்டத்தின் பக்கத் தகடு முன்னதையும் பின்னதையும் மூடிக்கொண்டிருக்கும், கடல் இறாலில் அப்படி இருக்காது. வயிற்றடியில் முட்டையோடு வந்தால் அது ஆற்று இறால் பக்கம்தான், வெள்ளை இறாலும் புலி இறாலும் முட்டையை நீரிலேயே விட்டுவிடும். இறால் குஞ்சு பொரிப்பகத்திலோ பண்ணையிலோ வேலை கேட்டுப் போகிறவரிடம் இந்த அளவு அடிப்படையைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

பாட்டிலில் வைத்த உயிரியை அடையாளம் சொல்லும் ஸ்பாட்டர் தேர்வில் மார்க் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: மாணவர்கள் உயிரியை அடையாளம் வைக்காமல் பாட்டிலை அடையாளம் வைக்கிறார்கள். மூடி உடைந்தது நீரிஸ் என்ற கடற்புழு, பச்சை லேபிள் கடல் குதிரை என்று மனப்பாடம் செய்து போனால், தேர்வன்று பாட்டில் மாறியதும் எல்லாம் போய்விடும். நிறத்தையும் நம்பக்கூடாது. ஃபார்மலினில் கிடந்தவை அனைத்தும் சில வருடத்தில் ஒரே பழுப்பாகிவிடும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு உறுதியான அமைப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீரிஸும் பூரானும் ஒன்றுபோலத் தெரிந்தால் காலைப் பாருங்கள்: மூட்டு இருந்தால் பூரான், மூட்டில்லாத சதைத் துடுப்பில் முள்மயிர் இருந்தால் நீரிஸ். சிசிலியன் என்ற காலில்லாத நீர்நில வாழ்வியும் பெரிய மண்புழுவும் குழம்பினால் வாயைப் பாருங்கள்: தாடையும் பல்லும் இருந்தால் சிசிலியன். பாம்புகளில் செதில்தான் சாட்சி. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே குழி இருந்தால் குழிவிரியன். மேலுதட்டின் மூன்றாம் செதில் கண்ணையும் மூக்குச் செதிலையும் ஒருசேரத் தொட்டால் நாகம் அல்லது பவளப் பாம்பு. கட்டுவிரியனுக்கு முதுகின் நடுவரிசைச் செதில்கள் மட்டும் பெரிதாக அறுகோணமாக இருக்கும், அதைப்போலவே தோன்றும் விஷமற்ற ஓநாய்ப் பாம்பில் நடுவரிசை மற்றவற்றின் அளவே. இந்தச் செதில் கணக்கு பாட்டிலில் உள்ள பாம்புக்கு மட்டும். உயிருள்ள பாம்பின் அருகே போய் முதுகுச் செதிலை எண்ண யாரும் முயலக்கூடாது. பாம்புகள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை, பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம்.

அறுவை போன பிறகு ஆய்வகத்தின் உண்மையான வேலை பழ ஈக்குப் போயிருக்கிறது. கற்றுக்கொள்ள அதைவிட நல்ல விலங்கு இல்லை என்பது என் உறுதியான கருத்து. உணவு செய்வது உப்புமா கிண்டுவதுபோலத்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ரவை 100 கிராம், வெல்லம் 100 கிராம், அகர் 10 கிராம், புரோப்பியோனிக் அமிலம் 7.5 மில்லி. அகரையும் வெல்லத்தையும் கரைத்துக் கொதிக்கவிட்டு, ரவையைக் கட்டி தட்டாமல் தூவிக் கிளற வேண்டும். அமிலத்தை அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு தணிந்த பிறகே சேர்க்க வேண்டும். கொதிக்கும்போது ஊற்றினால் ஆவியாகிப் போய் நான்காம் நாளே பூஞ்சை பூக்கும். பாட்டிலில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரம் ஊற்றி, மெல்லிய துணியால் மூடி ஆறவிடுங்கள். சுவரில் நீர் கோத்திருக்கும்போதே ஈயை விட்டால் சிறகு ஒட்டிச் செத்துவிடும். ஆறியபின் ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவிப் பஞ்சால் அடைக்க வேண்டும். 25 டிகிரி செல்சியஸில் முட்டை முதல் ஈ வரை சுமார் 10 நாள். நம் ஊரில் பெரிய எதிரி ஏப்ரல், மே மாதம். ஆய்வகம் 30 டிகிரியைத் தொட்டால் ஆண் ஈக்கள் மலடாகும், வளர்ப்பு அடியோடு படுத்துவிடும். குளிர்பதனப் பெட்டி இல்லாத துறைகளில் அகன்ற தட்டில் தண்ணீர் ஊற்றி, பாட்டில்களை அதில் நிறுத்தி, ஈரத்துணி சுற்றி வைப்பார்கள். அது முழுப் பாதுகாப்பு அல்ல, இரண்டு மூன்று டிகிரி குறையலாம். மரபியல் சோதனையை ஜூலைக்குப் பிறகு வைத்துக்கொள்வதே சரி.

கலப்புச் சோதனை தோற்பது பெரும்பாலும் கன்னி ஈ எடுப்பதில். பெண் ஈ ஒருமுறை சேர்ந்தால் விந்தைச் சேமித்து வைத்துப் பல நாள் முட்டையிடும், ஆகவே கூட்டிலிருந்து வெளிவந்து 8 மணி நேரத்துக்குள் பிரிக்க வேண்டும். காலையில் முதல் வேலையாகப் பாட்டிலில் உள்ள எல்லா ஈக்களையும் வெளியேற்றிவிட்டு, பிற்பகலில் புதிதாக வந்தவற்றை மட்டும் எடுங்கள். வெளிறிய உடலும், வயிற்றில் தெரியும் கரும்புள்ளியும் இப்போதுதான் பிறந்தது என்பதற்கு அடையாளம். ஆணுக்கு வயிற்று நுனி கறுத்து மழுங்கியிருக்கும், முன்காலில் சிறிய கருஞ்சீப்பு இருக்கும். ஈயை மயக்கக் கொடுக்கும் ஈதர் அதிகமாகி இரு சிறகும் செங்குத்தாக நின்றால் அந்த ஈ செத்துவிட்டது. மயங்கிய ஈயை உணவின் மேல் போடாமல், பாட்டிலைப் படுக்கவைத்து உலர்ந்த சுவரில் வையுங்கள், தெளிந்த பிறகு நிமிர்த்துங்கள். பெற்றோரை ஏழெட்டு நாளில் வெளியேற்ற மறந்தால் பிள்ளையோடு கலந்துவிடும். வெள்ளைக்கண் பெண்ணைச் செங்கண் ஆணோடு சேர்த்தால் மகன்கள் எல்லாம் வெள்ளைக்கண், மகள்கள் எல்லாம் செங்கண். வெள்ளைக்கண் மகள்கள் வரிசையாகத் தென்பட்டால் மரபியல் பொய்த்துவிடவில்லை, தாய் கன்னி அல்ல. எண்ணிக்கையைத் திருத்தி 3:1 ஆக்கிக் காட்டும் பழக்கம் வேண்டாம். 200 ஈயில் 150க்கு 50 எதிர்பார்த்து 140க்கு 60 வந்தால் எதிர்பார்ப்பிலிருந்து விலகலை அளக்கும் கை-வர்க்க (chi-square) மதிப்பு 2.67, எல்லை 3.84. பொருந்துகிறது என்றே பொருள். அப்படியே எழுதலாம்.

பழ ஈப் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள ராட்சத குரோமோசோம் ஸ்லைடு பெரும்பாலான கல்லூரிகளில் ஆசிரியர் காட்டியதைப் பார்த்து வரைவதோடு முடிந்துவிடும். கேட்டு வாங்கி நீங்களே செய்துபாருங்கள். பாட்டில் சுவரில் ஏறி ஊரும் கொழுத்த மூன்றாம் நிலைப் புழு வேண்டும். அசைவு நின்று நிறம் மாறத் தொடங்கியது ஆகாது. நெரிசல் இல்லாமல், ஈஸ்ட் கூடுதலாகப் போட்டு, 18 டிகிரி அளவில் வளர்ந்த புழுவில் குரோமோசோம் பெரிதாகக் கிடைக்கும். 0.7 சதவீத உப்பு நீர்த் துளியில் புழுவை வைத்து, ஓர் ஊசியால் உடலின் நடுவை அழுத்திக்கொண்டு, மற்றோர் ஊசியால் கறுத்த வாய்க்கொக்கியை ஒரே சீராக இழுங்கள். கண்ணாடிபோன்ற இரண்டு பைகள் கூடவே வரும். அதன் ஓரத்தில் ஒட்டிய வெள்ளை நாடா கொழுப்பு, அதை நீக்காவிட்டால் ஸ்லைடு முழுக்க எண்ணெய்க் குமிழ். அசிட்டோ-ஆர்சின் சாயத்தில் 15 நிமிடம் ஊறியபின் கவர்ஸ்லிப் போட்டு, பிளாட்டிங் பேப்பர் மடித்து வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். விரல் பக்கவாட்டில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் குரோமோசோம் சுருண்டு அறுந்துவிடும். நன்றாக வந்தால் நடுவில் ஒட்டிய ஒரு முடிச்சிலிருந்து ஐந்து நீண்ட கைகளும் ஒரு குட்டையும் தெரியும். ஈ வளர்ப்பு இல்லாத கல்லூரியில் சாக்கடைத் தேக்கத்தில் நெளியும் சிவந்த கைரோனோமஸ் புழு போதும், அதன் குரோமோசோமும் பெரியது.

இரத்தப் பூச்சு ஸ்லைடும் கைப்பழக்கமே. மோதிர விரலின் பக்கவாட்டில் குத்தி முதல் துளியைத் துடைத்துவிட்டு, குண்டூசித் தலை அளவு துளியை எடுங்கள். பெரிய துளியும் தயங்கும் கையும்தான் தடித்த பூச்சுக்குக் காரணம். 30 முதல் 45 டிகிரி சாய்வில் ஒரே இழுப்பு. லீஷ்மன் சாயத்தை அப்படியே 2 நிமிடம் விட்டால் அதிலுள்ள மெத்தனால் செல்களை நிலைநிறுத்தும். பிறகு இரண்டு மடங்கு பி.எச். 6.8 தாங்கல் நீர் (பஃபர்) சேர்த்து, ஊதிக் கலந்து, 7 முதல் 10 நிமிடம். தாங்கல் நீருக்குப் பதில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றும் ஆய்வகங்களில் சிவப்பணு நீலமாகவே வரும். அந்த நீரின் காரத்தன்மைதான் காரணம், சாயத்தின் குற்றம் இல்லை. வெள்ளையணு வகைகளை எண்ணும்போது பூச்சின் வால்நுனியில் மட்டும் எண்ணினால் நியூட்ரோஃபில் வகை கூடுதலாகத் தெரியும், பெரிய செல்கள் ஓரத்துக்குத் தள்ளப்படுவதால். பூச்சின் குறுக்கே ஏறி இறங்கி, கோட்டைச் சுவரின் வடிவில் நகர்ந்து 100 செல் எண்ணுங்கள். ஒருவர் பயன்படுத்திய ஊசியை இன்னொருவர் தொடவே கூடாது, ஹெபடைடிஸ் பி பரவ அந்த ஒரு குத்து போதும். ஆய்வகத்தில் ஊசி குறைவு என்று யாராவது சொன்னால் அன்று குத்திக்கொள்ளாமல் இருங்கள்.

இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஒரே ஒரு உயிரினக் கூட்டத்தைத் தேர்ந்து அதில் ஆழமாக இறங்குங்கள். எறும்பு, சிலந்தி, நத்தை, தும்பி, பறவை, குளத்து மீன் எதுவாகவும் இருக்கலாம். இதை எந்தப் பாடத்திட்டமும் கட்டாயப்படுத்தாது. ஆனால் நேர்காணலில் பத்துப் பேரிலிருந்து ஒருவரைத் தனித்துக் காட்டுவது இதுதான். கல்லூரி வளாகமே போதும். வாரம் இருமுறை, ஒரே பாதை, ஒரே நேரம், அரை மணி நடை. தேதி, நேரம், வானிலை, இனம், எண்ணிக்கை ஐந்தையும் அங்கேயே எழுத வேண்டும், விடுதிக்கு வந்து எழுதுவது ஞாபகமே தவிர தரவு அல்ல. ஒன்றும் காணாத நாளையும் எழுதுங்கள். பூச்சி சேகரிப்பதானால் சரணாலயத்துக்கும் காப்புக்காட்டுக்கும் வெளியே, பாதுகாப்புப் பட்டியலில் இல்லாதவற்றை மட்டும். எறும்பு 70 சதவீத ஆல்கஹாலில் இருக்கும். வண்டுக்கு ஊசி வலது முன்சிறகின் வழியாக, வண்ணத்துப்பூச்சிக்கு மார்பின் நடுவில். இடமும் தேதியும் எழுதிய சீட்டு இல்லாத ஸ்பெசிமன் எவ்வளவு அழகாயிருந்தாலும் அறிவியலுக்குப் பயன்படாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் வௌவால்களை வைத்து உடற்கடிகாரத்தை ஆராய்ந்து உலக அளவில் பேர் பெற்றார். அருகில் கிடைத்த விலங்கைப் பொறுமையாகப் பார்த்ததில் பிறந்த அறிவியல் அது.

இனி வேலை. எந்தப் பட்டமும் போதும் என்ற அரசுத் தேர்வுகள் எல்லோருக்கும் பொது. விலங்கியலுக்கென்று இருப்பதில் பெரியது இந்திய வனப்பணி. அதை எழுதத் தகுதி தரும் பாடங்களில் விலங்கியலும் ஒன்று, விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம். போட்டி கடுமை, ஆகவே அதையே ஒரே திட்டமாக வைத்துக்கொள்ள வேண்டாம். பள்ளி ஆசிரியராக பி.எட்.டும் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வும், மேல்நிலை வகுப்புக்கு எம்.எஸ்சி.யும், கல்லூரிக்கு நெட் அல்லது செட் என்ற விரிவுரையாளர் தகுதித் தேர்வு அல்லது முனைவர் பட்டமும் வேண்டும். தவறாக நம்பப்படும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விலங்கியல் பட்டம் மட்டும் இருந்தால் மருத்துவ ஆய்வகத்தில் டெக்னீஷியன் ஆக முடியாது, அதற்கு டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வக நுட்பப் பட்டயம்) போன்ற தனிப் படிப்பு வேண்டும். கால்நடை மருத்துவராகவும் முடியாது, அது தனிப் பட்டம். கடலோர இறால் பொரிப்பகங்கள், பண்ணைகள், தீவன நிறுவனங்கள், பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனங்கள் இளநிலையோடு எடுத்துக்கொள்கின்றன. தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது, இரவு வேலையும் உண்டு, ஆனால் தொழில் கைக்கு வரும்.

மேலே படிக்க நம் அருகிலேயே நல்ல வாசல்கள் இருக்கின்றன. கடல் உயிரியலுக்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மையம், காட்டுயிரியலுக்கு மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும் உதகை அரசு கலைக் கல்லூரியும், கொசு முதலான நோய் பரப்பிகளைப் பற்றிப் படிக்கப் புதுச்சேரியில் ஐ.சி.எம்.ஆர்.-இன் நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம். டேராடூன் வனவிலங்கு நிறுவனமும் பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் (என்.சி.பி.எஸ்.) நுழைவுத் தேர்வும் நேர்காணலும் வைத்து மிகச் சிலரையே எடுக்கும். அங்கேதான் மேலே சொன்ன களக் குறிப்பேடு பேசும். ஓர் எச்சரிக்கை: ‘உயர் விலங்கியலும் உயிரித் தொழில்நுட்பமும்’, ‘காட்டுயிரியல்’ என்று பெயர் மாறிய பட்டங்கள் அரசு ஆசிரியர் பணிக்கு விலங்கியலுக்கு இணையானவையா என்பது அரசாணையைப் பொறுத்தது. ஆசிரியராகும் எண்ணம் இருந்தால், கல்லூரி அலுவலகம் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பாமல், இணைத்தன்மை அரசாணையின் எண்ணைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுச் சேருங்கள். சேர்க்கை விதிகளும் ஆண்டுதோறும் மாறும், அந்தந்த ஆண்டு அறிவிக்கையே இறுதி.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. வெள்ளைக் கோட்டு ஒன்று, 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று, முனை கூராகப் பொருந்தும் இடுக்கி ஒன்று, மரக்கைப்பிடி ஊசி இரண்டு, எச்.பி., 2எச் பென்சில்கள், கெட்டி அட்டை போட்ட பாக்கெட் நோட்டு. பெரிய டிசெக்‌ஷன் பெட்டி வாங்கச் சொன்னால் துறையில் கேட்டுவிட்டு வாங்குங்கள், அதில் பாதிக் கருவிகளுக்கு இப்போது வேலை இல்லை. மைக்ரோஸ்கோப் வாங்க வேண்டாம், மலிவானதில் கண்ணுக்குச் சோர்வுதான் மிஞ்சும். ஆய்வகத்தில் உள்ளதில் எப்போதும் குறைந்த பெருக்கத்தில் தொடங்கி, லென்ஸ் ஸ்லைடைவிட்டு விலகும் திசையில் மட்டும் ஃபோகஸ் செய்து பழகினால் கவர்ஸ்லிப் உடையாது. மடிக்கணினி முதல் வருடத்துக்குத் தேவையில்லை. அந்தப் பணம் கையில் இருந்தால் எட்டு மடங்கு பெருக்கும் ஒரு சாதாரண பைனாகுலர் வாங்குங்கள். பள்ளிக்கரணையோ வேடந்தாங்கலோ கூந்தன்குளமோ, உங்கள் ஊருக்குப் பக்கத்து ஏரியோ, நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அதற்கு வேலை இருக்கும்.